வெஞ்சனம் தெரியாத பேரன்: செங்காங் வீடு ஒன்றில் இரண்டாம் மொழி

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் ஒரு வீவக வீட்டுக்கு (அரசாங்க அடுக்குமாடி வீடு), தொடக்கநிலை 4 படிக்கும் பையனுக்குத் தமிழ்த் துணைப்பாடம் எடுக்க முதல்முறை போயிருந்தேன். கதவைத் திறந்தவர் அந்த வீட்டுப் பணிப்பெண், மியன்மார்க்காரர். "வாங்க டீச்சர், உக்காருங்க. தம்பி குளிக்குது" என்றார். பையன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"சாப்பிட்டியா?"

"யெஸ் டீச்சர்."

"என்ன சாப்பிட்ட?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "உணவு" என்றான்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "சோறும் முட்டையும் டீச்சர். வெஞ்சனம் தொடவே இல்ல." பையன் என் பக்கம் திரும்பி, "வாட் இஸ் வெஞ்சனம்?" என்று கேட்டான்.

வெஞ்சனம் என்பது மதுரை, சிவகங்கைப் பக்கத்துச் சொல். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டு, பொரியல் எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பையனின் அப்பத்தா சிவகங்கைக்காரர். அவருடைய சொல் பேரனுக்குத் தெரியவில்லை. தமிழே தெரியாமல் வந்து இரண்டு வருடம்கூட முடியாத பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று இரவே ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துக் குறித்துவைக்கத் தொடங்கினேன். 2025 செப்டம்பர் வரையிலான அந்தக் குறிப்புகள்தான் இந்த ஆய்வுக்கு அடிப்படை. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் யார் யார்

அப்பா சிவகங்கையில் பிறந்து, பொறியாளராக இங்கே வந்து, குடியுரிமை பெற்றவர். அம்மா சிங்கப்பூரிலேயே பிறந்தவர், தாதியாக (நர்ஸ்) வேலை செய்பவர். அம்மாவின் தந்தை உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கணக்கு, அறிவியல் எல்லாமே அவருக்குத் தமிழில்தான். அந்தப் பள்ளி 1982ல் மூடப்பட்டது. 1987ல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி என்றாகிவிட்டது. ஆக, தாத்தாவுக்குப் படிப்பே தமிழாக இருந்தது, மகளுக்கு அது ஒரு பாடமானது, பேரனுக்குச் சனிக்கிழமைத் தொல்லையானது.

நாட்டு நிலவரமும் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவதாகச் சொன்னவர்கள் 32.3 விழுக்காடு. 2020ல் அது 48.3 ஆனது. தமிழ் 3.3லிருந்து 2.5க்கு இறங்கியது. பள்ளிச் சான்றிதழ்களில் 'தாய்மொழி' என்றுதான் அச்சிடுகிறோம். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் இரண்டாம் மொழிதான். அதை ஒத்துக்கொள்வதில் நமக்கு ஒரு கூச்சம். கூச்சத்தை ஒதுக்கிவைத்தால்தான் மேலே பேச முடியும்.

வீட்டில் பிள்ளைகள் இருவர். அக்கா 2009ல் பிறந்தவள், தம்பி 2014ல். அக்கா நான் போன சமயத்தில் உயர்நிலை 3ல் உயர்தமிழ் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பத்தாவோடு மூச்சுவிடாமல் பேசுவாள். தம்பி பேசமாட்டான். இருவரும் வளர்ந்தது ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம். படித்ததும் ஒரே தொடக்கப்பள்ளியில். "அவளுக்கு மொழி வரும், இவனுக்கு வராது" என்று அம்மா முடிவுகட்டியிருந்தார்.

அவரே பேச்சோடு பேச்சாகக் கைத்தொலைபேசியில் ஒரு பழைய காணொளியைக் காட்டினார். பையனுக்கு அதில் நான்கு வயது. அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தபடி, "அப்பத்தா, அக்காவுக்கு மட்டும் ரெண்டு குடுத்தீங்கல்ல, எனக்கும் இன்னொண்ணு குடுங்க" என்கிறான். ஒப்பீடு, குற்றச்சாட்டு, கோரிக்கை மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறான். ஒன்பது வயதில் என் எதிரே உட்கார்ந்து "உணவு" என்று சொன்னவனும் இவன்தான். மொழி வராத பிள்ளை இல்லை என்பது அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வந்த மொழி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

பதில் தேதிகளில் இருந்தது. அப்பத்தா 2020 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். மார்ச் இறுதியில் இந்தியா பன்னாட்டுப் பயணிகள் விமானச் சேவையை நிறுத்தியது. இங்கே ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 'சர்க்கிட் பிரேக்கர்' எனப்பட்ட கொவிட் முடக்கம். சிறப்பு விமானங்கள் இருந்தன. ஆனால் சர்க்கரை நோய் உள்ள முதியவரைத் தனியாக ஏற்றிவிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இந்தியாவின் வழக்கமான பன்னாட்டுச் சேவை 2022 மார்ச் 27ல் மீண்ட பிறகு, மே மாதம்தான் திரும்பி வந்தார். அவர் போனபோது பேத்திக்கு வயது பத்துக்கு மேல், பேரன் பாலர் பள்ளியில். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் நண்பர்களைச் சேர்க்கவும் கற்ற இரண்டு வருடமும் வீட்டில் தமிழ் மட்டுமே அறிந்தவர் ஒருவரும் இல்லை.

அப்பா தமிழில் பேசினாரே?

பேசினார். இன்றும் பேசுகிறார். பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசுவதில்லை என்பது அவருக்கு ஒரு வைராக்கியம். ஆனால் பையன் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அவருக்குப் புரியும், காரியமும் நடந்துவிடும். "அப்பா, கேன் ஐ ஹாவ் தி ஐபேட்?" என்றால், "பத்து நிமிஷம்தான்" என்று ஐபேட் வந்துவிடும். பையன் தமிழைக் காதில் வாங்கினான், வாயால் திருப்பித் தரவேண்டிய தேவை மட்டும் வரவில்லை.

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் வட்டாரத்தில் 1,899 குடும்பங்களை வைத்து அன்னிக் டி ஹவர் 2007ல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவராவது, அந்த வட்டார மொழியான டச்சு அல்லாத வேறு மொழி பேசிய வீடுகள் அவை. அப்படியும் ஏறக்குறைய கால்வாசி வீடுகளில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப நான் இத்தன வருஷம் சுவத்துக்கிட்டயா பேசுனேன்?" என்று கேட்டார். அப்படியும் சொல்ல முடியாது. முதல் நாளிலிருந்தே பையனின் உச்சரிப்பு என்னை ஆச்சரியப்படுத்தியது. ழகரமும் றகரமும் பிசகவே இல்லை. சிறுவயதில் ஒரு மொழியைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், பின்னாளில் அதைக் கற்கும்போது உச்சரிப்பில் மற்றவர்களை முந்துகிறார்கள் என்பதை டெர்ரி ஆவ் குழுவினர் 2002ல் ஸ்பானிய மொழியை வைத்துக் காட்டினார்கள். இலக்கணத்தில் அந்த அனுகூலம் தென்படவில்லை. அப்பா பேசியது வீண்போகவில்லை, காதிலேயே தங்கிவிட்டது.

அடுப்படி வகுப்பு

இந்த ஆய்வில் நான் அதிகம் கற்றுக்கொண்டது பணிப்பெண்ணிடம்தான். 2022 நடுவில், திரும்பி வந்த அப்பத்தாவைக் கவனித்துக்கொள்ள அவரை அமர்த்தினார்கள். ஆங்கிலம் அரைகுறை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. காலை ஏழு மணிக்கெல்லாம் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். பிற்பகல்வரை வீட்டில் இரண்டே பேர். ஒருவர் தமிழைத் தவிர வேறு அறியாதவர், மற்றவர் அதை மட்டும் அறியாதவர். ஊசி எப்போது போடுவது, அரிசியை எவ்வளவு ஊறவைப்பது, யார் தொலைபேசியில் கூப்பிட்டது என்று நாள் முழுக்கப் பேசியே ஆகவேண்டும்.

முதல் மூன்று மாதம் சைகைதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பத்தா பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, பேரைச் சொல்லி, திரும்பச் சொல்ல வைப்பாராம். தப்பாகச் சொன்னால் பொருள் கைக்கு வராது. எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அப்பத்தாவுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. கண்முன்னே இருக்கும் பொருள், இந்த நிமிடத் தேவை, உடனடித் திருத்தம் மூன்றும் அந்த அடுப்படியில் கூடியிருந்தன.

ஆனால் அவருடைய தமிழை நான் கண்மூடிப் புகழமாட்டேன். "நான் கடைக்குப் போச்சு", "அக்கா வந்தான்" என்று திணை, பால், இடம் எல்லாம் தாறுமாறாக வரும். அப்பத்தாவுக்கு அர்த்தம் புரிந்துவிடுகிறது, ஆகவே இப்போது திருத்துவதில்லை. திருத்தம் நின்றதும் வளர்ச்சியும் அந்த இடத்தில் நின்றுவிட்டது. தமிழில் ஓர் எழுத்துக்கூட வாசிக்க அவருக்குத் தெரியாது. மறுபக்கம் பையன் தமிழ் வாசிப்பான். கோடிட்ட இடத்தில் 'சென்றான்', 'சென்றாள்', 'சென்றது' போடச் சொன்னால் பத்துக்கு ஒன்பது வாங்குவான். தாள் அவனிடம் விகுதியைக் கேட்டது, அவன் விகுதியைக் கற்றான். அடுப்படி அந்தப் பெண்ணிடம் பேச்சைக் கேட்டது, அவர் பேச்சைக் கற்றார்.

எடுபடாமல் போனவை

முதல் முயற்சி அப்பாவுடையது. தினமும் இரவு ஏழு முதல் எட்டு வரை 'தமிழ் நேரம்', யாரும் ஆங்கிலம் பேசக்கூடாது. நடந்தது என்னவென்றால், ஏழு மணிக்கு வீடு மௌனமாகும். பையன் சொல்லவேண்டியதையெல்லாம் வாய்க்குள் அடக்கிவைத்து, எட்டு அடித்ததும் ஆங்கிலத்தில் கொட்டுவான். அம்மாவும் அப்படித்தான் என்பது தனிக்கதை. மூன்று வாரத்தில் யாரும் அறிவிக்காமலே அது கைவிடப்பட்டது.

இரண்டாவது, தமிழில் மொழிமாற்றிய கார்ட்டூன்கள். இது என் யோசனை, எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூல் 2003ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் 12 முறை நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரினுக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகளிடம் அந்தத் திறன் இல்லை. ஒன்பது மாதத்துக்குப் பொருந்துவது ஒன்பது வயதுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் எங்கள் பையன் கார்ட்டூனில் கற்றது "ஐயோ, காப்பாத்துங்க!" ஒன்றைத்தான்.

மூன்றாவது முயற்சி, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில், 2017 முதல் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றி உரையாடச் சொல்கிறார்கள். பிள்ளை இயல்பாகப் பேசவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 2005ல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழை வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னதும் அதற்காகத்தான். துணைப்பாட ஆசிரியர்கள் நாங்கள் செய்வது என்ன? "இக்காணொளியில் நான் கண்ட காட்சி யாதெனில்" என்று தொடங்கும் பத்து வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நானும் வைத்தேன். பையன் கிளிபோல் ஒப்பித்தான். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிப் பள்ளியில் கவிதை சொல்லிச் சான்றிதழ்கூட வாங்கினான். அன்று மாலை அப்பத்தாவிடம் தண்ணீர் கேட்க அக்காவைக் கூப்பிட்டான்.

அக்காவைக் கூப்பிட்டான் என்பதை நோட்டில் எழுதிவிட்டு, அதன்கீழே இரண்டு முறை கோடு போட்டேன். அப்பத்தா திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காது மந்தம், ஆங்கிலம் தெரியாது. பையன் தமிழ் பேசியே ஆகவேண்டிய ஆள் வீட்டிலேயே இருந்தார். இருந்தும் தமிழ் வராததற்குக் காரணம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். நல்ல பிள்ளை அவள், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாள். அவள் இல்லாத நேரத்தில் பணிப்பெண். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் ஹாலில் உட்கார்ந்து கவனித்தேன். பேரன் அப்பத்தாவிடம் நேராக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, ஆனால் இருவரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள்.

பசு யாருடையது

வெளிநாட்டுக்கு அனுப்பினால் மொழி தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வீட்டிலும் டிசம்பர் விடுமுறைக்குச் சிவகங்கைக்கு அனுப்பலாமா என்று பேசினார்கள். பிரீட், செகலோவிட்ஸ், டியூவி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004ல் பிரெஞ்சு படிக்கும் 28 அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டார்கள். ஒரு குழு தங்கள் கல்லூரி வகுப்பில், ஒரு குழு பிரான்சில், ஒரு குழு அமெரிக்காவிலேயே பிரெஞ்சு தவிர வேறு பேசக்கூடாத கோடை முகாமில். சரளத்தில் அதிகம் முன்னேறியது முகாம் குழு. பிரான்சுக்குப் போனவர்கள் அங்கேயும் ஆங்கிலத்தை அதிகம் புழங்கியிருந்தார்கள். சிவகங்கையில் இந்தப் பையனுக்கு ஆங்கிலம் பேச ஆசைப்படும் சித்தப்பா பிள்ளைகள் நால்வர் காத்திருந்தார்கள்.

ஆகவே ஊரை மாற்றவேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக் காலையை மாற்றுவோம் என்றேன். அன்று பணிப்பெண்ணுக்கு விடுப்பு. அம்மாவுக்குப் பெரும்பாலும் ஷிஃப்ட். அக்கா கணக்கு வகுப்புக்குப் போய்விடுவாள். அப்பா மட்டும் வீட்டில் இருப்பார். அவரை அந்த இரண்டு மணி நேரம் தேக்கா சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வரச் சொன்னேன். "என் வீட்டுலேருந்து என்னையே வெரட்டுறீங்க டீச்சர்" என்றார். போனார்.

பொழுதுபோக்குக்குப் பல்லாங்குழி. ஊரிலிருந்து கொண்டுவந்த மடக்குப் பலகை அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. பக்கத்துக்கு ஏழு குழி, புளியங்கொட்டை. காய்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே வரும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', அந்தக் குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இந்த விளையாட்டில் சண்டை போடாமல் தப்ப முடியாது. அப்பத்தா அதிலும் கைதேர்ந்த ஏமாற்றுக்காரர்.

முதல் ஞாயிறு பையன் "தட்ஸ் மைன்!" என்று கத்தினானாம். அப்பத்தா காதில் விழாததுபோல் பசுவை அள்ளிக்கொண்டார். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாவது வாரம் அப்பா மீன் பையோடு கதவைத் திறக்கும்போது உள்ளே சத்தம்: "அப்பத்தா! இது என் குழி! என் பசு! நீங்க ஏன் எடுக்குறீங்க?" அப்பா வெளியிலேயே நின்றுவிட்டார். வாசற்படியில் நின்று எனக்குக் குரல்பதிவு அனுப்பினார். அதில் அவர் மூக்கை உறிஞ்சுவது தெளிவாகக் கேட்கிறது.

அதன்பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. பல்லாங்குழியிலிருந்து மாத்திரைக்கும், அங்கிருந்து பலதுறை மருந்தகத்துக்கு அப்பத்தாவோடு துணைக்குப் போவதற்கும் பேச்சு நகர்ந்தது. அக்காவிடம் ஒரே ஒரு விதி சொல்லியிருந்தேன்: தம்பி கூப்பிட்டால், "நீயே கேளு". அவளுக்கு அது கடினமாக இருந்தது, தம்பியைக் கைவிடுவதுபோல் இருக்கிறது என்றாள். ஆகஸ்ட் மாதத்தில் நான் கேட்காமலே பையன் என்னிடம் சொன்ன முதல் செய்தி: "டீச்சர், இன்னிக்கு வெஞ்சனம் பாவக்கா. நான் சாப்பிடல."

சரியாகாதவை

அம்மா ஒருநாள் கவலையோடு வந்தார். "முன்னாடி தப்பில்லாம எழுதுவான் டீச்சர். இப்ப 'நான் போனான்'னு பேசுறான்." உண்மைதான். பணிப்பெண்ணின் பிழைகளும் அவனுடைய சொந்தப் பிழைகளும் கலந்து வந்தன. முன்பு பிழை இல்லாததற்குக் காரணம், அவன் பேசவே இல்லை. கனடாவில் பிரெஞ்சுமொழி வழியே பல வருடம் படித்த ஆங்கிலப் பிள்ளைகளிடம் மெரில் ஸ்வெயின் 1985ல் கண்டதும் இதையொட்டியதுதான். கேட்டுப் புரிந்துகொள்வதில் தேறியிருந்த அவர்கள் இலக்கணத்தில் தடுக்கினார்கள். பேசவும், பேசியதைத் திருத்திக்கொள்ளவும் வாய்ப்பு போதவில்லை என்றார் அவர். என் சனிக்கிழமை வகுப்பை அதற்கு மாற்றினேன். மனப்பாட வாக்கியங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஞாயிறன்று அவன் பேசியதை அவனே சொல்ல, எழுதி, விகுதிகளைச் சரிபார்ப்போம். சலிப்பான வேலைதான். ஆனால் தன் சண்டையைத் தானே திருத்துவதில் அவனுக்கு ஒரு குஷி.

தொடக்கநிலை 4 முடிவில், அடுத்த வருடம் பாடச்சுமை குறைந்த அடிப்படைத் தமிழுக்கு மாறலாமா என்ற பேச்சு வந்தது. வழக்கமான தமிழிலேயே தொடர்வது என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள். தொடக்கநிலை 5ல் வாய்மொழியில் நன்றாக ஏறினான். கட்டுரையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. பல்லாங்குழிப் பலகை கட்டுரையைக் கேட்பதில்லை.

இதை வைத்து எல்லா வீட்டுக்கும் மருந்து எழுத முடியாது. ஒன்று, இது ஒரே ஒரு பிள்ளையின் கதை. இன்னொன்று, ஐந்து வயதுவரை தமிழ் பேசியவன் மீண்டும் பேசுவதும், ஒருபோதும் பேசாதவன் புதிதாகத் தொடங்குவதும் ஒன்றல்ல. முக்கியமாக, பல வீடுகளில் அப்பத்தா இல்லை. இருக்கும் பாட்டிகளும் இப்போது நல்ல ஆங்கிலம் பேசுகிறார்கள். என் மற்ற மாணவர்களில் இரண்டு பேருக்கு, நூலகத்தில் தமிழ்க் கதை கேட்க வரும் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டும் வேலையைக் கொடுத்துப் பார்க்கிறேன். நான்கு வயதுக் குழந்தை கதை புரியவில்லை என்றால் எழுந்து போய்விடும், அதைவிடக் கறாரான தேர்வாளர் கிடையாது. அது பலிக்குமா என்று சொல்ல இன்னும் நாளாகும்.

2025 செப்டம்பரில் அப்பத்தா மூன்று மாதத்துக்கு ஊருக்குப் போனார். அம்மாவுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பையன் பல்லாங்குழிப் பலகையை மேசையில் வைத்து, அதற்கெதிரே கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்தான். சிவகங்கையில் அப்பத்தா தரையில் சுண்ணக்கட்டியால் பதினான்கு வட்டம் போட்டு உட்கார்ந்தார். நேரடிக் காணொளி அழைப்பில் இரண்டு வயதுக் குழந்தைகள்கூட நேரில் கற்பதுபோலவே புதுச்சொற்களைக் கற்றதாக 2014ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. கார்ட்டூன் திருப்பிப் பேசாது, அப்பத்தா பேசுவார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காய் நகர்த்தவேண்டும் என்பதால் ஒவ்வொரு ஆட்டத்தையும் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். போன சனிக்கிழமை நான் போனபோது படம் உறைந்து நின்றிருந்தது. பையன் திரையை உலுக்கிக் கத்திக்கொண்டிருந்தான்: "அப்பத்தா, நெட்டு போச்சுன்னு சொல்லி ஏமாத்தாதீங்க! அந்தக் குழியில மூணுதான் இருந்துச்சு!"